குலு ஆறுகளில் டிரவுட் மீன்

வெயில் ஏறத் தொடங்கியதும் தில்லியிலும் சண்டிகரிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் குலுப் பள்ளத்தாக்கை நோக்கிப் புறப்படுவது ஆண்டுதோறும் நாம் காணும் காட்சி. சென்று திரும்புவோர் பனியைப் பற்றிப் பேசுவர். ஆப்பிள் தோட்டங்களைப் புகழ்வர். மணாலியில் தேவதாரு மரங்களிடையே நிற்கும் ஹடிம்பா கோயிலை வருணிப்பர். வழி நெடுகிலும் தம்மோடு ஓடிவந்த ஆற்றைப் பற்றி மட்டும் அவர்கள் பேசுவது அரிது. அவ்வாற்றின் கிளைகளில், முழங்கால் ஆழத்து நீரில் கோலும் கையுமாக அசையாது நிற்கும் மனிதர் சிலரைப் பேருந்தின் சாளரம் வழியே கண்டிருப்பர். வேலையற்றவர் போலும் என்றெண்ணிக் கடந்திருப்பர். அம்மனிதர் நாடி நிற்கும் மீனைப் பற்றியும், அது வாழும் நீரைப் பற்றியும் சிறிது எழுதுவது நம் நோக்கம். மீன் உண்ணாத இல்லத்தினரும் தயங்காது படிக்கலாம். இது சமையற் குறிப்பன்று.

டிரவுட் குளிர்நாட்டு மீன். குலு ஆறுகளில் தானே இனம் பெருக்கி வாழ்வது அதன் பழுப்பு வகை. மஞ்சள் கலந்த பழுப்பு மேனியில் கரும்புள்ளிகளும், வெளிறிய வளையத்தினுள் பதித்தாற்போன்ற செம்புள்ளிகளும் கொண்டது. வானவில் டிரவுட் என்பது மற்றொரு வகை. விலாவில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடும். வாலிலும் புள்ளிகள் நிறைந்திருக்கும். முன்னது ஐரோப்பாவினது, பின்னது வட அமெரிக்காவின் மேலைக் கரையினது. வானவில் வகை விரைந்து வளர்வதால் இன்று பண்ணைகளில் பெரிதும் வளர்க்கப்படுகின்றது. உணவு விடுதியில் தட்டில் வருவது பெரும்பாலும் அதுவே.

இவ்விரண்டில் எதுவும் இந்திய மண்ணுக்கு உரியதன்று. மலைநாடுகளில் பணிபுரிந்த ஆங்கிலேயர், தம் ஊர் ஓடைகளின் நினைவு தீராது, அம்மீனை இங்கே கொண்டுவர நெடுங்காலம் முயன்றனர். உயிர் மீனைக் கப்பலில் கொணர்தல் இயலாது. முட்டையைத்தான் கொணர வேண்டும். நீர் குளிர்ந்திருக்கும் வரையில் டிரவுட் முட்டை மிக மெல்லவே வளரும். 10 பாகை வெப்பத்தில் பொரிக்க ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். நீர் இன்னும் குளிர்ந்தால் அதனினும் இரு மடங்கு காலம் செல்லும். முட்டையினுள் கருவிழி இரண்டும் கரும்பொட்டுகளாகத் தெரியும் பருவத்தில் அது சற்று உறுதி பெற்று அசைவைத் தாங்கும். அப்பருவத்து முட்டைகளை ஈரப் பாசியில் பொதிந்து, பனிக்கட்டியின் நடுவே வைத்து அனுப்பினர். 1864-ஆம் ஆண்டில் இம்முறையில் இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியா வரை முட்டைகள் உயிரோடு சென்று சேர்ந்தன. அதற்கு ஓராண்டு முன்பே, மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிரான்சிஸ் டே நீலகிரிக்கு டிரவுட் கொணர முயன்று தோற்றார்.

காசுமீரத்தில் வெற்றி கிட்டியது. அங்கும் 1899-இல் வந்த முதல் முட்டைகள் வழியிலேயே மடிந்தன. மறு ஆண்டின் இறுதியில் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை பிழைத்தன. அவற்றைப் பேணி வளர்த்தவர் ஸ்ரீநகரில் கம்பளத் தொழிற்சாலை நடத்திய மிட்செல் என்பவர். கம்பள வணிகர் ஒருவர் ஒரு நாட்டின் ஆறுகளில் புதிய உயிரினம் ஒன்றைக் குடியேற்றினார் என்பது இன்று நினைக்க விந்தையாகவே உள்ளது. அக்காசுமீர முட்டைகளே 1909-இல் குலுவுக்கு வந்தன. அப்பொழுது குலுவில் உதவி ஆணையராக இருந்த ஹோவெல் அவற்றைக் கொணர்வித்து, கட்ராயின் அருகே மஹிலி என்னுமிடத்தில் பொரிப்பகம் ஒன்றை அமைத்தார். பியாஸ், தீர்த்தன், சைஞ்ச் முதலிய ஆறுகளிலும், மலைக்கு அப்பால் பரோட் வழியே ஓடும் ஊல் ஆற்றிலும் இன்று காணும் பழுப்பு டிரவுட் அவ்வழி வந்ததே.

நம் தமிழகத்துக் கதையையும் இங்கே கூறிவிடுவோம். நீலகிரியில் தொடர்ந்து முயன்று வென்றவர் சென்னை மாகாணத்தில் மீன்வளப் பணியாற்றிய எச். சி. வில்சன். 1907-இல் அவலாஞ்சியில் அவர் அமைத்த பொரிப்பகம் இன்றும் அங்கே உள்ளது. நீலகிரியில் ஊன்றியது பழுப்பு வகையன்று, வானவில் வகை. அதற்கான வித்து இலங்கையிலிருந்தும் வந்தது. நுவரேலியா மலையோடைகளில் ஆங்கிலேயர் அதனை முன்னரே வளர்த்திருந்தனர். ஊட்டியில் பிறந்து வளர்ந்து தலைநகருக்கு வந்த அன்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு டிரவுட் குலுவில் அறிமுகமாக வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தில் கருவாகி, காசுமீரத்தில் பொரித்து, அதன் வழித்தோன்றல் குலுவில் குடியேறிய இம்மீனுக்குச் சொந்த ஊர் எதுவென்று நம் பிள்ளைகள் வினவினால் என்ன விடை கூறுவது! நம் பிள்ளைகளைப் பிறர் வினவும்பொழுது அவர்கள் கூறும் விடையைத்தான் கூற வேண்டும்.

இம்மீனை அறிய வேண்டுமாயின் ஆற்றை அறிய வேண்டும். மலையாற்றை மேன்மாடம், நடுத்தளம், கீழ்த்தளம் எனப் பல நிலைகள் கொண்ட மாளிகை எனலாம். ஒவ்வொரு நிலைக்கும் குடியிருப்போர் வேறு. எங்கே நீர் கோடையிலும் 20 பாகைக்கு மேல் ஏறுவதில்லையோ, எங்கே பாறையில் மோதி நுரைத்துப் பிராணவாயு நிறைந்திருக்கின்றதோ, அங்கேதான் டிரவுட் தங்கும். நீர் வெதுவெதுப்பானால் அதில் கரைந்துள்ள பிராணவாயு குறையும். டிரவுட் மூச்சுக்குத் திணறும். அமெரிக்க நாட்டு ஆறுகளில் டிரவுட்டின் எல்லை முடியுமிடத்தில் சிறுவாய் பாஸ் என்னும் மீனின் ஆட்சி தொடங்கும். சற்றே வெப்பம் மிகுந்த, கல் நிறைந்த தெளிநீர் அதற்கு உவப்பு. காலையில் மேலே டிரவுட்டுக்குத் தூண்டில் வீசியவர் மாலையில் கீழே இறங்கிப் பாஸ் பிடிப்பது அந்நாட்டில் இயல்பு. நம் இமயத்து ஆறுகளில் பாஸ் இல்லை. கீழ்த்தளத்தில் ஆள்வது மஹசீர். பொன்னிறச் செதில்களும் பேருருவமும் கொண்ட கெண்டைக் குலத்து மீன். இடைநிலையிலும் மேல்நிலையிலும் காலங்காலமாக வாழ்ந்துவருவது அசேலா. ஆங்கிலேயர் அதற்குப் பனி டிரவுட் என்று பெயரிட்டனர். ஆயினும் அதுவும் கெண்டைக் குலமே, பெயரளவில்தான் டிரவுட். கற்களில் படர்ந்த பாசியைக் கடினமான உதட்டால் சுரண்டி உண்டு வாழ்வது. ஆக, ஹோவெல் முட்டைகளைக் கொணர்ந்தபொழுது மேன்மாடம் காலியாக இருக்கவில்லை. இதனைப் பின்னர் மீண்டும் காண்போம்.

இனி, அக்கோல் ஏந்திய மனிதர் செய்வது யாது? நம் ஊர்க் குளக்கரையில் மண்புழுவைக் கோத்து, தக்கை மிதக்கவிட்டு, அது அமிழும் வரை காத்திருப்பது ஒரு முறை. இங்கே நடப்பது வேறு. டிரவுட் எப்பொழுதும் நீரோட்டத்தை எதிர்நோக்கியே நிற்கும். ஓட்டம் இரையைக் கொண்டுவந்து வாயருகே தரும். அதற்கென அலைந்து வலிமையைச் செலவிட அதற்கு விருப்பமில்லை. ஆதலால் பெரும்பாறை ஒன்றின் மறைவில், விரைந்த நீரும் அமைந்த நீரும் ஒட்டியோடும் விளிம்பில் அது இடம் பிடிக்கும். நல்ல இடத்தைப் பெரிய மீன் பிடித்துக்கொள்ளும். சிறியவை அடுத்த இடத்துக்குத் தள்ளப்படும். மீன் மேல்நோக்கி நிற்பதால் தூண்டிற்காரர் கீழிருந்து மேலேறி வருகின்றார். நிழல் நீரில் விழாமல், கற்கள் உருளாமல் அடியெடுத்து வைக்கின்றார். சிவப்புச் சட்டை அணிந்து கரையில் ஓடியாடும் குழந்தைகள் உள்ள இடத்தில் டிரவுட் கிட்டாது என்பதைப் பெற்றோர் குறித்துக்கொள்க.

அவர் கோலின் நுனியில் உள்ளது பெரும்பாலும் உயிர் இரையன்று, பொய் ஈ. ஆற்றின் கற்களினடியில் புழுப் பருவத்தைக் கழித்து, ஒரு நாள் நீர்மேல் எழுந்து சிறகு விரித்துப் பறக்கும் சிற்றுயிர்கள் பல. அவையே டிரவுட்டின் முதன்மையான உணவு. அவற்றின் வடிவை இறகும் பட்டு நூலும் கொண்டு முள்ளின்மேல் கட்டுகின்றனர். அப்பொய் ஈக்கு எடையே இல்லை. அதனைக் கல் எறிவது போல் எறிதல் இயலாது. எடை கயிற்றில் இருக்கும்படி செய்து, கோலை முன்னும் பின்னும் வீசிக் கயிற்றைக் காற்றில் வளையமாக விரித்து, இறுதியில் ஈ ஒன்று தானே வந்து அமர்வது போல நீர்மேல் இறக்க வேண்டும். கயிறு இழுத்து, ஈ நீரோட்டத்துக்கு மாறாகச் சிறிதே நகர்ந்தாலும் மீன் ஐயுறும். ஒரு முறை ஐயுற்ற மீன் அன்று மீண்டும் வருவது அரிது. பயின்றவர் ஒரு பகல் முழுதும் நின்று வெறுங்கையோடு திரும்புவதும் உண்டு. அதில் அவர்களுக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. தகட்டாலான சுழல் இரையை எறிந்து இழுப்போரும் உளர்; அது எளிது, விரைவில் மீன் தருவது. ஆயினும் பொய் ஈயே உயர்ந்த கலை என்பது நம் துணிபு.

இப்பொய் ஈயிலும் நம் தென்னாட்டுக்கு ஒரு பங்கு இருந்தது. நீலகிரி முதலிய மலைக்காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில், மெழுகு பூசினாற் போன்ற மஞ்சள் வெண்பொட்டு ஒன்று மின்னும். நீரில் அது மீன்குஞ்சின் கண் போலத் தோன்றும். அதனால் இங்கிலாந்தின் தூண்டில் கட்டுவோர் அவ்விறகைப் பெரிதும் விரும்பினர். பொதி பொதியாகக் கப்பலேறியது. அவ்வணிகத்தில் எத்தனை காட்டுக்கோழிகள் மடிந்தன என்று எண்ணினால் நெஞ்சம் சுருங்கும். பின்னர் இந்தியா அவ்வேற்றுமதியைத் தடை செய்தது. இன்று அப்பறவை வனவிலங்குச் சட்டத்தின் காப்பில் உள்ளது.

எக்காலத்தில் செல்வது என்று கேட்பீர்கள். பழுப்பு டிரவுட் குளிர்காலத்தில், சரளைக் கற்களைக் கிளறிப் பள்ளமாக்கி அதில் முட்டையிடும். ஆதலால் இமாசலத்து டிரவுட் நீர்களில் நவம்பர் முதல் பெப்ரவரி முடிய மீன்பிடித்தல் விலக்கு. மார்ச்சும் ஏப்பிரலும் நன்று. மே, ஜூனில் பனி உருகி வருவதால் பியாஸ் பிற்பகலில் சாம்பல் கரைத்தாற்போலாகும். அந்நாளில் விடியற்காலையே தக்கது. அல்லது கிளையாறுகளை நாட வேண்டும். மழைக்காலத்தில் கலங்கிய நீரில் பொய் ஈயைக் காணவும் மீனால் இயலாது. செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் ஆறு தெளிந்து கண்ணாடியாகும். மாநில மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு இன்றிக் கோலை எடுத்தல் குற்றம். எவ்வளவு மீன், எவ்வளவு நீளம், எவ்வகை இரை என்பன அச்சீட்டில் உள்ளன. படித்தே ஆற்றில் இறங்க வேண்டும்.

மற்றொரு செய்தியை அழுத்திக் கூறுவது நம் கடமை. இவ்வாறுகளில் மேலே அணைகள் உள்ளன. மின்சாரத்திற்காகத் தேக்கிய நீரைத் திறந்தால், காலடியில் ஓடை போலிருந்த ஆறு சில நிமிடங்களில் கழுத்தளவு ஏறும். 2014-ஆம் ஆண்டு ஜூன் 8-இல், லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட நீரில், ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா வந்து பியாஸின் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த பொறியியல் மாணவ மாணவியர் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டனர். அணைக்குக் கீழுள்ள எவ்விடத்திலும், நீர் எத்துணை அமைதியாகத் தோன்றினும், உள்ளூர் மக்களைக் கேளாது இறங்கற்க.

அணை மனிதருக்கு இடர் விளைப்பது சில பொழுது, மீனுக்கு நாள்தோறும். கீழ்நாட்டிலிருந்து முட்டையிட மேலேறிவரும் மஹசீருக்கு 1974-இல் எழுந்த போங் அணையும் 1977-இல் இயங்கத் தொடங்கிய பண்டோ அணையும் வழியை அடைத்தன. சிறு நீர்மின் நிலையங்கள் கெடுதியற்றவை என்பர். ஆயினும் அவை ஓடைநீரைக் குழாயில் திருப்பிக் கீழே கொண்டுபோய் விடுகின்றன. இடையிலுள்ள ஆறு எலும்புக்கூடாக நிற்கும். கோடைக் குறைநீரில் குறைந்தது 15 விழுக்காட்டையேனும் ஆற்றில் விட வேண்டும் என்று இமாசல அரசு விதித்துள்ளது. நூற்றில் பதினைந்து பங்கு நீரில் குளிர்ச்சி எவ்வளவு நிற்கும் என்பதை அசேலாவைத்தான் கேட்க வேண்டும்.

இந்நிலையில் தீர்த்தன் பள்ளத்தாக்கின் கதை தனியானது. பெரும் இமாலய தேசியப் பூங்காவின் பனிமலைகளில் தோன்றி, பஞ்சார் வழியே இறங்கி, லார்ஜியில் பியாஸோடு கலப்பது அவ்வாறு. அதன்மேல் பல நீர்மின் திட்டங்கள் வகுக்கப்பட்டபொழுது அப்பள்ளத்தாக்கு மக்கள் எதிர்த்தனர். முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் திலாராம் ஷபாப் முன்னின்று வழக்காடினார். இறுதியில் திட்டங்கள் கைவிடப்பட்டன. தீர்த்தன் தடையின்றி ஓடுகின்றது. அவ்வழக்காடலில் டிரவுட்டும் ஒரு சான்றாக நின்றது. இந்த ஆற்றில் இம்மீன் வாழ்கின்றது, அதனை நாடி வருவோரால் எங்கள் இல்லங்களில் அடுப்பெரிகின்றது என்று அம்மக்களால் கூற முடிந்தது. இன்று அக்கரையில் விருந்தினர் இல்லம் நடத்துவோர் பலர். பிற ஊர் இளைஞரைப் போலத் தில்லிக்கும் சண்டிகருக்கும் வேலை தேடி இறங்க வேண்டிய நிலை அவர்களிற் பலருக்கு இல்லை. வந்தேறிய மீன் ஒன்று ஊராரை ஊரிலேயே இருத்தியது என்றும் சொல்லலாம்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. உலகின் கொடிய அயல் உயிரினங்கள் நூறு எனப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் வகுத்த பட்டியலில் பழுப்பு டிரவுட்டும் வானவில் டிரவுட்டும் இடம்பெற்றுள்ளன. அசேலா பாசி உண்பது. டிரவுட் ஊன் உண்பது, அசேலாவின் குஞ்சையும் உண்பது. அசேலா இன்று ஊறுபடும் நிலையில் உள்ள இனமென அதே சங்கத்தாரால் குறிக்கப்பட்டுள்ளது. அணை, மணல் அள்ளுதல், வலைவீச்சு, வெடி வைத்தல் ஆகியவற்றோடு டிரவுட்டும் அதற்கொரு காரணம் என ஆய்வாளர் கருதுகின்றனர். தென்னாப்பிரிக்காவில், நாம் முன்னர் குறித்த சிறுவாய் பாஸை ஆங்கிலேயர் வழியினர் கேப் மாநில ஆறுகளில் விட்டனர். சிறு நாட்டு மீன்கள் அற்றுப்போயின. ரோண்டகாட் என்னும் சிற்றாற்றின் ஒரு பகுதியில் 2012-இல் நஞ்சிட்டுப் பாஸை ஒழித்தபின் நாட்டு மீன்கள் மேலிருந்து இறங்கி மீண்டும் குடியேறின. இமயத்தின் பேராறுகளில் அத்தகைய செயல் நினைத்தற்கும் அரியது. நூறாண்டுக்கு மேல் வாழ்ந்துவிட்ட மீனை இனி வெளியேற்ற எவரும் முயலவில்லை, முயலவும் போவதில்லை. எஞ்சியிருப்பது அசேலா இன்னும் தனித்து வாழும் ஓடைகளில் டிரவுட் குஞ்சுகளை விடாதிருத்தல். பொரிப்பகத்தார் இதனைக் கருத வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

2023-ஆம் ஆண்டு ஜூலையில் பியாஸ் பெருகிக் குலுவின் சாலைகளையும் கட்டடங்களையும் வாரிச் சென்றது. கரையோர டிரவுட் பண்ணைகளும் அழிவுக்குத் தப்பவில்லை. தூண்டிற்காரர் ஆண்டாண்டாய் அறிந்திருந்த மடுக்கள் மண்மூடின. பாறைகள் இடம் பெயர்ந்தன. எந்தக் கல்லின் மறைவில் எந்த மீன் நிற்கும் என்பதை அவர்கள் முதலிலிருந்து கற்க வேண்டியதாயிற்று.

இவ்வாண்டு செல்லும் அன்பர்களில் எவரேனும் சீட்டுப் பெற்றுக் கோலை ஏந்துவாராயின் அவர்க்கு ஒரு சொல். முள்ளின் எதிர்நாக்கைக் குறடால் நசுக்கிவிடுக. விடுவிக்கும்போது மீனின் வாய் கிழியாது. கையை நனைத்த பின்னரே மீனைத் தொடுக. உலர்ந்த கை அதன் மேற்பூச்சைக் கெடுக்கும். சில வேளை உங்கள் முள்ளில் புள்ளி பெரிதும் இல்லாத, வெள்ளி மேனியும் கீழ்நோக்கிய வாயும் உடைய மீன் ஒன்று வரக்கூடும். அது அசேலா. அதனை நீரைவிட்டு வெளியே எடுக்காமலே முள்ளைக் கழற்றி, ஓட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்து, தானே துள்ளும் வரை இரு கைகளிலும் தாங்கியிருந்து விட்டுவிடுக.